நாலு எழுத்துப் பரிசோதனை

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாகி முதன்முதல் கிளினிக்குக்குப் போகிற நாள் அநேகமாக எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் கழியும். நிறை பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள். சின்னப் போத்தல் ஒன்றைக் கையில் கொடுத்துச் சலம் எடுத்துவரச் சொல்வார்கள். பிறகு முழங்கை மடிப்பில் இறப்பர் பட்டியை இறுக்கிக் கட்டி இரத்தம் எடுப்பார்கள். இரத்தவகை பார்க்க, ஈமோகுளோபின் பார்க்க, அதோடு 'வி.டி.ஆர்.எல்.' பார்க்க. கிளினிக் பதிவேட்டில் இந்த நாலு எழுத்துக்கு நேரே ஒரு சின்ன இடம் இருக்கும். பெறுபேறு வந்ததும் அதில் எழுதிக்கொடுப்பார்கள். அது என்ன பரிசோதனை என்று கேட்கிறவர்கள் குறைவு. யாரும் கேட்டால் "எல்லாருக்கும் எடுக்கிறதுதான் பிள்ளை" என்ற பதில் வரும். அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த நாலு எழுத்தையும் விரித்தால் 'வெனீரியல் டிசீஸ் ரிசர்ச் லபோரட்டரி' என்று வரும். தமிழில் சொன்னால், பாலியல் நோய் ஆய்வுகூடம். அமெரிக்காவில் 1940களில் இந்தச் சோதனையை உருவாக்கிய ஆய்வுகூடத்தின் பெயர் அது. சோதித்துப் பார்க்கப்படும் நோய் சிபிலிஸ். கும்பிழாவளைப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போன அம்மாவும், மாமியும், பக்கத்து வீட்டு அக்காவும் பாலியல் நோய்க்கான பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள்தான். யாருக்கும் வெட்கம் வரவில்லை, யாருடைய மானமும் போகவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் எடுத்தார்கள்.

ஆய்வுகூடத்துக்குள் நடப்பது எளிமையான, அழகான வேலை. இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை 56 பாகை வெப்பத்தில் அரை மணிநேரம் வைப்பார்கள். வட்டங்கள் வரைந்த கண்ணாடித் தட்டில் அதில் ஒரு துளி விடுவார்கள். மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு கலந்த கரைசலில் ஒரு துளியை அதோடு சேர்ப்பார்கள். தட்டை நாலு நிமிடம் சுழலவிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பார்கள். நோயில்லாதவரின் துளி சீராகக் கலங்கியபடியே இருக்கும். நோயுள்ளவரின் துளி, பால் திரிந்ததுபோலக் கட்டிகட்டியாகத் தெரியும். சிபிலிஸ் கிருமி உடம்பின் உயிரணுக்களைச் சிதைக்கும்போது வெளிப்படும் கொழுப்புக்கு எதிராக உடம்பு செய்துகொண்ட பிறபொருளெதிரிகள்தாம் அந்தத் திரிவை உண்டாக்குகின்றன. அப்படித் திரிந்தால் உறுதிப்படுத்த வேறொரு சோதனை செய்வார்கள். நோய் உறுதியானால் பென்சிலின் ஊசி போடுவார்கள். கருவிலிருக்கும் பிள்ளைக்கும் அதே ஊசி மருந்தாகிவிடும்.

இந்தச் சின்ன வேலையைச் சலிக்காமல், தாய்மார் எவரையும் விடாமல், பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்ததன் பலன் 2019 டிசம்பரில் தெரிந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. கர்ப்பிணிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது பரிசோதனை நடந்திருந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது? 2012இல் அங்கே பிறவிச் சிபிலிசோடு பதிவான குழந்தைகள் முந்நூற்றுச் சொச்சம். 2022இல் 3,700க்கு மேல். பணமும் மருந்தும் ஆய்வுகூடமும் குவிந்து கிடக்கிற நாட்டில், கர்ப்பிணியின் வாசலுக்கு வந்து "இன்னும் கிளினிக்குக்கு வரேல்லையே?" என்று கேட்கிற குடும்பநல மாதுதான் இல்லை.

தாய்மாருக்குச் செய்து காட்டிய இந்த வேலையை, தாயும் தகப்பனும் ஆவதற்கு முந்திய வயதிலிருக்கும் இளையவர்களுக்கு இலங்கையில் இன்னும் யாரும் செய்யவில்லை. அவர்களுடைய வயதில்தான் இந்தத் தொற்றுகள் அதிகம்.

கணக்கைப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும், 15 முதல் 49 வயது வரையானவர்களிடையே, மருந்தால் முழுக்கக் குணமாகக்கூடிய நான்கு பாலியல் தொற்றுகள் புதிதாக 37 கோடியே 40 இலட்சம் தடவை ஏற்பட்டன. டிரைக்கோமோனாஸ் 15 கோடியே 60 இலட்சம், கிளமிடியா 12 கோடியே 90 இலட்சம், கொனோரியா 8 கோடியே 20 இலட்சம், சிபிலிஸ் 70 இலட்சத்துக்குச் சற்று மேல். நாளொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் என்று இதைச் சொல்வார்கள். இதில் இளையவர்களின் பங்கு எவ்வளவு என்பதை நன்றாகக் கணக்கெடுத்த நாடுகளில் ஒன்று அமெரிக்கா. 2018இல் அங்கே ஏற்பட்ட இரண்டு கோடியே அறுபது இலட்சம் புதிய தொற்றுகளில் ஏறத்தாழப் பாதி, 15 முதல் 24 வயதுக்காரர்களுடையது.

இலங்கையின் எண்கள் இதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. அதில் ஆறுதல் கொள்ள இடமுண்டு, ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கிளமிடியாவோ கொனோரியாவோ பற்றி இங்கே கிடைப்பது பெரும்பாலும் கிளினிக்கின் கதவைத் தட்டியவர்களின் கணக்கு. தட்டாதவர் கணக்கில் இல்லை. தட்டவேண்டிய தேவை தனக்கு இருப்பதே தெரியாதவரும் கணக்கில் இல்லை.

தெரியாமல் போவதற்குக் காரணம், இந்தக் கிருமிகளில் பல சத்தம் போடாதவை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும் எந்த அறிகுறியும் வருவதில்லை. இந்தக் கிருமி உயிரணுவுக்கு வெளியே வளராது. அரிசிமணிக்குள் புகுந்த வண்டுபோல, மனித உயிரணு ஒன்றுக்குள் நுழைந்து, அங்கேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்ததற்குள் போகும். உள்ளேயே ஒளிந்திருப்பதால் உடம்பு பெரிதாகக் கிளர்ந்தெழாது. மாதக்கணக்கில், சிலரில் வருடத்துக்கு மேலும், தங்கிவிடும். பெண்ணின் கருப்பைக்கு மேலேறினால் பலோப்பியன் குழாய்களில் தழும்பை உண்டாக்கும். பத்து வருடம் கழித்துப் பிள்ளை இல்லை என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைக்கிற பெண்களில் சிலருடைய கதை அந்தத் தழும்பில்தான் தொடங்கியிருக்கும். ஏழு நாள் டொக்சிசைக்ளின் குளிசை போட்டிருந்தால் முடிந்திருக்கக்கூடிய விஷயம் அது.

அறிகுறி வந்தாலும் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவது நமது வழக்கம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெயிலில் நின்று வேலைசெய்கிற பொடியனுக்குச் சலம் போகும்போது எரிந்தால், அது சூடு. இளநீர் குடிக்கச் சொல்வார்கள், வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு வாரத்தில் எரிவு குறைந்தால் இளநீருக்குப் பெருமை போகும். வெயில்காலச் சலக்கடுப்பு உண்மையில் பலருக்கு வருவதுதான், அதனால் இந்த விளக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் எரிவு தானாக அடங்குவது கொனோரியாவின் இயல்பும்கூட. எரிவு போகும், கிருமி இருக்கும். வேறு சிலர் பாமசியில் மெதுவான குரலில் கேட்டு நாலு குளிசை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அது இன்னும் ஆபத்து. கொனோரியாக் கிருமி சல்பா மருந்தை வென்றது, பென்சிலினை வென்றது, டெட்ராசைக்ளினை வென்றது, சிப்ரோபுளொக்சசினையும் வென்றுவிட்டது. இப்போது வைத்தியர்கள் நம்பியிருப்பது செப்ரியாக்சோன் ஊசியை. அரைகுறையாகப் போடுகிற ஒவ்வொரு குளிசையும் அந்தக் கிருமிக்குக் கொடுக்கிற பயிற்சிதான்.

இளையவர்களை ஏன் அதிகம் பிடிக்கிறது என்ற கேள்விக்கு ஒழுக்கத்தைக் காரணம் சொல்வது சுலபம். உடம்பு வேறொரு காரணம் சொல்கிறது. பருவமடைந்த பின் சில ஆண்டுகளுக்கு, பெண்ணின் கருப்பைக் கழுத்தின் வெளிப்புறத்தில் ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் மூடப்படாமல் இருக்கும். வயது ஏற ஏற, அந்த இடத்தைப் பல அடுக்குத் தடித்த உயிரணுக்கள் மூடிக்கொள்ளும். கிளமிடியாவும் கொனோரியாவும் விரும்பிப் பற்றுவது அந்த ஒற்றை அடுக்கைத்தான். சீமெந்து பூசாத சுவரில் ஈரம் சுவறுவதுபோல. முப்பத்தைந்து வயதுப் பெண்ணைவிடப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அதே ஒரு தொடர்பில் ஆபத்துக் கூடுதலாக இருப்பது இதனால். கலியாணம் செய்துகொண்டு ஒரே கணவனோடு வாழ்கிற பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் இது பொருந்தும். அவளுடைய ஒழுக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. கணவன் தனக்குள் இருப்பது தெரியாமல் கொண்டுவந்ததுதான் அவளுக்கு வந்தது.

ஒரு தொற்று சமூகத்தில் பெருகுமா தேயுமா என்பதை மூன்று எண்களின் பெருக்கம் தீர்மானிக்கிறது: ஒரு தொடர்பில் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு, துணை எத்தனை தடவை மாறுகிறது, தொற்று உடம்பில் எவ்வளவு காலம் இருக்கிறது. ஆணுறை முதல் எண்ணைக் குறைக்கிறது. ஊரும் சமயமும் குடும்பமும் நூற்றாண்டுக்கணக்காகக் கவனம் செலுத்தியது இரண்டாவது எண்ணில். மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. துணையை அரிதாகவே மாற்றுகிறவர்கள் நிறைந்த ஊரிலும், ஒவ்வொருவரிலும் தொற்று ஒரு வருடம் பேசாமல் தங்கியிருந்தால் அது மெல்ல மெல்லப் பரவலாம். அந்த ஒரு வருடத்தைப் பத்து நாளாகச் சுருக்க வல்லது பரிசோதனை ஒன்றுதான்.

பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுப்பது பெரும்பாலும் நோய்க்கு வைத்த பெயர். இதில் தமிழுக்குப் பழைய வரலாறு இருக்கிறது. 1490களில் நேப்பிள்ஸ் நகரில் சிபிலிஸ் கொள்ளைநோயாக வெடித்தபோது, இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். வாஸ்கோ ட காமாவின் கப்பல்களுக்குப் பின் அது இந்தியக் கரைகளுக்கு வந்தது. பதினாறாம் நூற்றாண்டு வடமொழி மருத்துவநூலான பாவப்பிரகாசம் அதற்கு 'பிரங்க ரோகம்' என்று பெயர் வைத்தது. தமிழில் அது பறங்கிப்புண் ஆயிற்று. அதற்கு மருந்தாகச் சீனாவிலிருந்து கப்பலில் வந்த கிழங்கு பறங்கிப்பட்டை ஆயிற்று. சித்த வைத்தியப் பரியாரிகளின் மருந்துப்பெட்டியில் அந்தப் பட்டை இன்றும் இருக்கிறது. இலங்கையில் 'பறங்கி' என்று இன்னொரு நோயும் அழைக்கப்பட்டது. காட்டோரக் கிராமங்களில் பிள்ளைகளின் தோலில் புண்ணாக வந்த யோஸ் என்ற நோய் அது. 1881இல் குடியேற்ற அரசின் வைத்தியத் தலைவர் கின்சி அதைப்பற்றித் தனி அறிக்கையே எழுதினார். சிபிலிஸ் கிருமியின் மிக நெருங்கிய உறவுக் கிருமிதான் அதுவும், ஆனால் பாலியல் தொடர்பால் பரவுவதல்ல. புண்ணோடிருந்த பிள்ளை, தோலும் தோலும் உரசி, இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தது. ஒரே பெயரின் கீழ் பாவமறியாத பிள்ளையும் அகப்பட்டது.

எப்போதும் நோய் அடுத்தவனுடையது என்பதுதான் இந்தப் பெயர்களுக்குப் பொதுவான செய்தி. நம்மிடம் இல்லை, வெளியிலிருந்து வந்தது, வெளியிலிருந்து வந்தவனோடு பழகியவளுக்குத்தான் வரும்.

1985இன் பிற்பகுதியில் சென்னையில் இதே நம்பிக்கையை எதிர்கொண்டவர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த முப்பத்திரண்டு வயது மாணவி. ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டும் என்று கேட்டபோது, பேராசிரியர் சுனிதி சாலமன் எச்.ஐ.வி.யைத் தேடிப் பாருங்கள் என்றார். எய்ட்ஸ் அமெரிக்காவின் நோய், நம் நாட்டு ஒழுக்கத்துக்கு அது வராது என்று பத்திரிகைகளே எழுதிய காலம். நிர்மலா பாலியல் தொழிலாளிப் பெண்களைத் தேடிப் போனார். கணவர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கையுறை இல்லை, பாதுகாப்புக் கருவி இல்லை. எடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைச் சில காலம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்திருந்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால் 1986 பெப்ரவரியில் குளிர்ப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே பேராசிரியர் ஜேக்கப் ஜானின் ஆய்வுகூடத்தில் சோதனைத் தட்டின் குழிகளில் ஆறு, தொற்றுக்கு அடையாளமாக, மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது அப்படித்தான். அதே ஆண்டு மே மாதம் தமிழக சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் ஹண்டே அதை அறிவித்தார். தேடிப்போன ஒருவர் இருந்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் கிருமி இருந்திருக்கும், நாமும் 'நமக்கு வராது' என்று இருந்திருப்போம்.

இலங்கையர் ஒருவரில் எச்.ஐ.வி. முதலில் பதிவானது 1987இல். இன்றும் நாட்டில் அது மிகக் குறைவான தொற்றுத்தான், ஆயிரம் வளர்ந்தவர்களில் ஒருவருக்கும் கீழே. ஆனால் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோர் தொகை 2022இல் 607 ஆகி, 2024இல் 800ஐத் தாண்டியது. கூடுதலாகச் சோதிப்பதும் இதற்கு ஒரு காரணம். சோதித்தால் எண் கூடும், அது நல்ல கூடுதல். கண்டறியப்படுவோரில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். அவர்களில் ஆணோடு உறவுகொள்கிற ஆண்கள் கணிசமானவர்கள். அவர்கள் கிளினிக்குக்கு வர அஞ்சுவதற்கு ஊர்ப்பேச்சோடு, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் காரணம். உறவைக் குற்றமாக்கும் அந்த 365, 365அ பிரிவுகள் நோயைத் தடுக்கவில்லை, நோயாளியைத்தான் ஒளியவைத்தன. ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் வைரசு அகப்படாத அளவுக்குக் குறைந்தவர் பாலியல் தொடர்பால் யாருக்கும் எச்.ஐ.வி.யைக் கொடுப்பதில்லை என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. இது தெரியாமல், தனக்கு எச்.ஐ.வி. என்று கேட்டதும் ஒரு பொடியன் உயிரை மாய்த்துக்கொண்டாலும், அந்தச் சாவு கிருமியின் கணக்கில் வராது.

வலிகாமம் வடக்கில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு நெருங்கிய சாட்சி உண்டு. அளவெட்டியிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை நிற்கிறது. 2011இல் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு, நடந்து சேர்த்த காசில் எழும்பியது அது. அங்கே வருகிற பெண்களில் ஒரு பகுதியினர் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காரர். அந்தப் புற்றுநோயின் காரணம் மனித பாப்பிலோமா வைரசு என்று நிறுவியதற்காக ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரசு பரவுவது பாலியல் தொடர்பால். உறவு தொடங்கிய இளவயதில் வந்து, பெரும்பாலானவரில் ஓரிரு வருடத்தில் தானே போய்விடும். போகாமல் தங்கிய சிலரில் பதினைந்து, இருபது வருடம் கழித்துப் புற்றாகும்.

இலங்கை 2017இல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசியைத் தொடங்கியது. அளவெட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரிசையில் நின்று, கையை நீட்டி, கண்ணை மூடிப் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் யாரும் அதைப் பாலியல் தொற்றுக்கான ஊசி என்று சொல்லவில்லை, புற்றுநோய் வராமலிருக்கப் போடுகிற ஊசி என்றார்கள். அது பொய்யும் இல்லை. வி.டி.ஆர்.எல். போலவே இதுவும் எல்லாருக்கும் என்று வந்ததால் மறுப்பின்றி நடந்தது. முப்பத்தைந்து வயதுப் பெண்களை வெல் வுமன் கிளினிக்குக்குக் கூப்பிட்டுக் கருப்பைக் கழுத்தைப் பார்க்கிற பப் பரிசோதனையும் அதே வழியில் வருகிறது. ஆனால் பத்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் நடுவிலே, அதுவும் பிள்ளைத்தாய்ச்சியாகாத பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும், 'எல்லாருக்கும்' என்று சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், கொழும்பில் அறையெடுத்து வேலை செய்கிறவர்கள், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள் எல்லாரும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள்.

இங்கிலாந்து அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தது. 2003இலிருந்து இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிளமிடியாப் பரிசோதனையைக் கல்லூரிகளிலும் மருந்துக்கடைகளிலும் கொடுத்தது. தொற்று எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதால் 2021இல் திட்டத்தைத் திருத்தி, குழாய் அடைபடுகிற ஆபத்துள்ள இளம் பெண்களை முன்னே வைத்தார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் இருபது வயதுப் பிள்ளை சின்னப் போத்தலில் சலத்தைப் பிடித்துக்கொடுப்பது அங்கே பல்லுக் காட்டப் போவதுபோன்ற காரியமாகிவிட்டது. அந்த மாற்றத்துக்கே பெரிய பெறுமதி உண்டு. இங்கே அதற்கு வேண்டிய கட்டமைப்பு புதிதாகக் கட்டப்படவேண்டியதில்லை. குடும்பநல மாது இருக்கிறார், தெல்லிப்பழையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கிறது, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. கலியாணப் பொருத்தம் பார்க்கிற வீடுகளில் சாதகக் கட்டோடு இரண்டு பேரின் பரிசோதனைப் பெறுபேறும் கைமாறுகிற நாள் வரவேண்டும் என்று வைத்தியர்கள் விரும்பினால் அது நியாயமான விருப்பம்.

பாலியல் நோய்க் கிளினிக்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பலர் போவதில்லை, ஆகவே அதைச் சொல்லவேண்டும். காசு வாங்குவதில்லை. உங்களுக்கு ஓர் இலக்கம் தருவார்கள், அடுத்த தடவை அந்த இலக்கத்தைக் கொண்டுபோனால் போதும். வைத்தியர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார். கேள்விகள் நேரடியாக இருக்கும்: கடைசியாக எப்போது, யாரோடு, ஆணுறை இருந்ததா. கேட்பது தீர்ப்புச் சொல்ல அல்ல, எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது, எந்தச் சோதனை செய்வது என்று முடிவெடுக்க. இரத்தம் எடுப்பார்கள். தேவைப்பட்டால் பஞ்சுக்குச்சியால் கசிவை எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். கொனோரியா என்றால், சீழ் உயிரணுக்களுக்குள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கிற இரட்டை அவரைவிதைகள்போலக் கிருமிகள் தெரியும். ஆரம்பச் சிபிலிஸ் என்றால் பிட்டத்தில் 24 இலட்சம் அலகு பென்சாதின் பென்சிலின், ஒரே தடவை. கிருமி இரட்டிக்க முப்பது மணிநேரத்துக்கு மேல் எடுப்பதால், மெதுவாக ஊறி இரண்டு மூன்று வாரம் இரத்தத்தில் நிற்கிற மருந்து வேண்டும். ஊசி போட்ட இடம் இரண்டு நாளைக்கு நோகும். துணைக்கும் மருந்து வேண்டும் என்பதால் அவரை அழைத்துவரச் சொல்வார்கள், அழைக்கத் தயங்கினால் கையில் ஒரு சீட்டுத் தருவார்கள். போகும்போது ஆணுறையும் இலவசமாகக் கிடைக்கும். சந்தேகப்படுகிற தொடர்பு போன கிழமைதான் நடந்தது என்றால், முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம், இரத்தத்தில் அடையாளம் தோன்ற நாளெடுக்கும். அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு திகதி எழுதித் தருவார்கள். அந்தத் திகதிக்கும் போகவேண்டும்.